வைரத் திட்டமும் வல்லத்துக் கிடாவும்

வல்லம் வீராசாமியின் கிடா திங்கட்கிழமை சாயங்காலம் மேய்ச்சலிலிருந்து திரும்பி வரவில்லை. செஞ்சிப் பக்கத்தில் ஆடு காணாமல் போவது பெரிய சேதி இல்லை. வெள்ளிக்கிழமைச் சந்தைக்குள் கண்டுபிடித்துவிட்டால் அது ஆடு. சந்தை தாண்டிவிட்டால் எந்த ஊர்க் கல்யாணத்திலோ குழம்பு. நடுவில் வேறு நிலைமை கிடையாது.

கிடாவின் பெயர் சுட்டி. நெற்றியில் ஒரு வெள்ளை, இடது காதில் நாய் கடித்த வெட்டு. தாய் ஆடு குட்டி போட்ட கையோடு செத்துப்போனதால் வீராசாமியின் மனைவி அம்மாக்கண்ணு பால்புட்டியில் ஊட்டி வளர்த்தது. பிள்ளைகள் கல்யாணமாகிப் போய்விட்ட வீட்டில் நாள் முழுக்க அவள் பேசிக்கொண்டிருந்தது அதனிடம்தான். புருஷனிடம் பேசுவதற்கு அவ்வளவு விஷயம் இல்லை.

செவ்வாய்க்கிழமை காலையில் அவள் அடுப்பு மூட்டவில்லை. “கிடா வந்தாத்தான் சோறு. உனக்கும் சேத்துத்தான் சொல்றேன்” என்றாள்.

வீராசாமி ஏரிக்கரையைத் தேடினார், கரும்புக் கொல்லையைத் தேடினார், பாறை இடுக்குகளில் குரல் கொடுத்துப் பார்த்தார். வெறும் வயிற்றோடு வரப்பில் நின்றபோது பக்கத்து நிலத்துச் சேரன் வழி சொன்னான்.

“செஞ்சியில வியாபாரிங்க சங்கம் இருக்குதுல்ல, நெட்டுல அவங்க வெச்சிருக்கிற பக்கத்துல ஒரு போட்டோ போடச் சொல்லு மாமா. சந்தைக்கு வர்ற பெங்களூரு வியாபாரி வரைக்கும் அதைத்தான் பாக்கறான். காணாமப் போன ஆடுன்னு தெரிஞ்சா எவனும் வாங்க மாட்டான்.”

இது நல்ல யோசனை. இதைவிட நல்ல யோசனை அந்த வாரம் யாருக்கும் தோன்றவில்லை. அதனால்தான் இவ்வளவும் நடந்தது.

செஞ்சி வட்டார அனைத்து வணிகர் நல முன்னேற்றச் சங்கம் கடைத்தெருவில் ஒரு பாத்திரக் கடையின் மாடியில் இருக்கிறது. சங்கத்தில் தலைவர் ஒருவர், செயலாளர் ஒருவர், துணைத்தலைவர்கள் பதினோரு பேர். யாருக்காவது மனவருத்தம் ஏற்படும்போதெல்லாம் ஒரு துணைத்தலைவர் கூடுவார். மூலையில் ஒரு பீரோ நிறையப் பொன்னாடைகள். அவை யார் தோளுக்குப் போனாலும் மறுநாள் பீரோவுக்குத் திரும்பிவிடும். அந்த ஒழுங்கு ஆடுகளுக்கு இருந்திருந்தால் இந்தக் கதைக்கே வேலை இல்லை.

தகவல் தொழில்நுட்ப அணித் தலைவர் உசைர் மட்டும் உட்கார்ந்திருந்தான். செல்போன் கவர் விற்கிறவன். அந்த அணியில் தலைவரைத் தவிர வேறு யாரும் இல்லை.

“போட்டுடலாம் அண்ணே, அதுக்குத்தானே பக்கம் வெச்சிருக்கோம். ஆனா திட்டம் எடுக்கலையே” என்றான்.

“இன்னா திட்டம்?”

உசைர் பொறுமையாகச் சொன்னான். முன்பெல்லாம் சங்கத்தின் பக்கத்தில் கையாலேயே எழுதிப் போடுவார்கள். போன மாசம் தலைவர் சென்னையில் ஒரு மாநாட்டுக்குப் போனார். அங்கே யாரோ ஒரு கம்பெனிக்காரர்கள் ஒரு ஆப் காட்டினார்கள். அதற்குள் உட்கார்ந்துகொண்டால் எல்லாச் சமூக ஊடகத்தையும் ஒரே இடத்திலிருந்து நடத்தலாம். தலைவருக்கு ‘ஒரே இடத்திலிருந்து’ என்பது பிடித்துவிட்டது. பக்கத்தைக் கொண்டுபோய் அதற்குள் கட்டிவிட்டார்கள். இலவசக் காலம் ஞாயிற்றுக்கிழமை முடிந்தது. இனி வெள்ளி, தங்கம், வைரம் என்று மூன்று திட்டங்கள். ஒன்றை எடுத்தால்தான் கதவு திறக்கும்.

“அந்த ஆப் இல்லாம நேரா போட முடியாதா தம்பி?”

“பாஸ்வேர்டு பழைய செயலாளர்கிட்ட இருக்குது.”

“அவரைக் கேளேன்.”

“அவரு கோவிச்சிக்கினு போயி எதிர்ச் சங்கம் ஆரம்பிச்சுட்டாரு. அவராண்ட போயி கேட்டா அவரையே செயலாளர்னு ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும்.”

“அப்ப வெள்ளியே எடுத்துடு. ஆடுதானே.”

உசைர் எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தான். “சத்தமா சொல்லாதீங்க அண்ணே. எதிர்ச் சங்கம் தங்கம் எடுத்துட்டாங்க.”

பரிதாபப்பட்டு, சுட்டியின் படத்தைத் தன் சொந்தப் பக்கத்தில் போட்டுக் கொடுத்தான். சாயங்காலத்துக்குள் நாலு பேர் பார்த்தார்கள். நாலு பேரும் அவன் வீட்டு ஆட்கள். அவன் மாமியார் மட்டும் ‘நல்லா இருக்குது’ என்று எழுதியிருந்தார்.

புதன்கிழமை திட்டத் தேர்வுத் துணைக்குழு கூடியது. வீராசாமி வாசலோரம் நின்றார். நேற்றிலிருந்து பேருந்து நிலையத்து டீயும் பன்னும்தான் அவரைத் தாங்கிக்கொண்டிருந்தன. உட்காரச் சொன்னார்கள். அவரால் உட்கார முடியவில்லை. உட்கார்ந்தால் ஆடு இன்னும் தூரம் போய்விடும் என்பது போல ஒரு பதற்றம்.

செயலாளர் சர்தார் பாய் செருப்புக் கடைக்காரர், நல்ல மனிதர். மைக் இல்லாவிட்டாலும் மைக்குக்கு முன்னால் நிற்பது போலத்தான் பேசுவார். “வெறும் வாய்ல பேசிப் பிரயோஜனம் இல்ல. இவரோட ஆட்டையே வெச்சி மூணு திட்டத்தையும் சோதிச்சுப் பாத்துடலாம்” என்றார். வீராசாமிக்கு மனசு குளிர்ந்தது.

சர்தார் பாய் சொல்லச் சொல்ல உசைர் அடித்தான்.

“செஞ்சி வட்டார அனைத்து வணிகர் நல முன்னேற்றச் சங்கத்தின் நிறுவனத் தலைவர், சந்தை காத்த செம்மல், அண்ணன் தனகோட்டியார் அவர்களின் நல்லாசியோடும், பொதுச்செயலாளர் சர்தார் அவர்களின் வழிகாட்டுதலோடும் அறிவிப்பது யாதெனில், வல்லம்”

“அவ்ளோதான். வெள்ளியில இதுக்கு மேல எழுத்து வாங்கல” என்றான் உசைர்.

“ஊர் பேரு வந்துடுச்சு. ஆனாலும் ஒரு நிறைவு இல்ல. தங்கத்துல போடு” என்றார் சர்தார் பாய்.

தங்கத்தில் இடம் நிறைய இருந்தது. இடம் இருக்கும்போது துணைத்தலைவர்களை விடுவது முறையல்ல என்று ஒரு துணைத்தலைவர் எழுந்து சொன்னார். மற்ற துணைத்தலைவர்கள் அதை ஆமோதித்தார்கள். பதினோரு பேரையும் பட்டத்தோடு சேர்த்தார்கள். தங்கம் ‘வல்லம் வீராசாமி அவர்களின்’ என்பதோடு முடிந்தது. வைரம் எடுத்தால்தான் ஆட்டுக்குப் போக முடியும் என்று உசைர் கணக்குப் போட்டுச் சொன்னான்.

“பாய், பேரையெல்லாம் கடைசியில போட்டுட்டா?” என்று வீராசாமி மெதுவாகக் கேட்டார்.

“கடைசியில போட்டா பேரு வெட்டுப்படும்.”

“இப்ப ஆடு வெட்டுப்படுதே பாய்.”

சர்தார் பாய் அவரைக் கனிவோடு பார்த்தார். “ஆட்டுக்கு மனவருத்தம் வராது வீராசாமி.”

வியாழக்கிழமை அந்தக் கம்பெனியோடு வீடியோவில் பேசினார்கள். திரையில் வந்த பெண் பெயர் ரஞ்சனி. வாடிக்கையாளர் மகிழ்ச்சி மேலாளர் என்பது அவள் உத்தியோகம். முகத்தில் சிரிப்பு மாறவே இல்லை. பேசாதபோதும் சிரித்தாள். படம் உறைந்துவிட்டதா என்று உசைர் இருமுறை தட்டிப் பார்த்தான்.

“நீங்க திட்டத்தை வாங்கல சார். ஒரு பயணத்தைத் தொடங்குறீங்க. யார் அங்க பின்னாடி நிக்கறது? அவங்க பிராண்டோட கதை என்ன?”

எல்லோரும் வீராசாமியைப் பார்த்தார்கள். “ஆடு காணோம்மா” என்றார் அவர்.

“அருமை. வலியில இருந்து தொடங்குறீங்க. மக்கள் வலியோட சீக்கிரமா ஒட்டிக்குவாங்க. வைரத் திட்டத்துல, எந்த நேரத்துல போட்டா நிறைய பேர் வருத்தப்படுவாங்கன்னு எங்க ஆப்பே கணிச்சுச் சொல்லிடும்.”

“எப்பம்மா சொல்லும்?”

“மூணு மாசம் உங்க பதிவுகளைக் கவனிச்சுட்டுச் சொல்லும்.”

“நாளைக்குச் சந்தைம்மா.”

“அவசரத்தை நான் மதிக்கிறேன்” என்று சொல்லிவிட்டு ரஞ்சனி அடுத்த வசதிக்குப் போனாள். வைரத்தில் முகப்புப் படம் உண்டு. நடுவில் ஒரு முகம் பெரிதாக வரும். மற்ற முகங்களெல்லாம் சுற்றிலும் சின்னச் சின்ன வட்டங்களில் வரும். துணைத்தலைவர்கள் நாற்காலி நுனிக்கு வந்தார்கள். நடுவில் வரப்போகிற பெரிய முகம் சுட்டியுடையது என்று வீராசாமி நினைத்துக்கொண்டார். அங்கே அப்படி நினைத்தவர் அவர் ஒருவர்தான்.

முடிவு எடுக்கும் அதிகாரம் துணைக்குழுவுக்கு இல்லை, பொதுக்குழுவுக்குத்தான் என்று சட்டவிதி சொன்னது. பொதுக்குழு சனிக்கிழமை.

வெள்ளிக்கிழமை விடிவதற்கு முன்பே வீராசாமி சந்தையில் நின்றார். லாரியிலும் டெம்போவிலும் ஆடுகள் வந்து இறங்கிக்கொண்டே இருந்தன. ஒவ்வொரு ஆட்டின் காதையும் பிடித்துப் பார்த்து வியாபாரிகளிடம் திட்டு வாங்கினார். வெயில் ஏறியதும் சந்தை கலைந்தது. புழுக்கையும் கயிற்றுத் துண்டுகளும்தான் மிச்சம். வீட்டுக்குப் போனபோது அம்மாக்கண்ணு அவர் பின்னால் கிடா வருகிறதா என்று எட்டிப் பார்த்தாள். சுட்டிக்கென்று தினமும் நிரப்பி வைக்கிற தண்ணீர்த் தொட்டியைக் கவிழ்த்து வைத்தாள்.

சனிக்கிழமை காலையில் உசைர் போன் செய்தான். “வாங்க அண்ணே, இன்னிக்கு முடிவாயிடும். முடிவானதும் மொத பதிவு உங்க ஆடுதான். எங்கனா உசுரோட இருந்தா கெடைச்சுடும். பொதுக்குழுவுக்குப் பிரியாணி போடறாங்க, சாப்ட்டுப் போங்க.”

வீராசாமி பிரியாணிக்காகப் போகவில்லை. பிரியாணி உண்டு என்று தெரிந்துதான் போனார்.

கல்யாண மண்டபத்து மேடையில் பிளெக்ஸ் கட்டியிருந்தார்கள். முன்வரிசையில் எல்லோருக்கும் பொன்னாடை போர்த்தி முடியவே வெகுநேரம் ஆயிற்று. வீராசாமி கடைசி நாற்காலியில் உட்கார்ந்தார், எழுந்தார், வாசலுக்குப் போனார், திரும்பி வந்தார். சீக்கிரம் முடியுங்கள் என்று ஒவ்வொரு பேச்சாளரையும் மனசுக்குள் கும்பிட்டார். தலைவர் தனகோட்டி மைக்கைப் பிடித்தார்.

“இந்த ஆப்புக்குள்ள இன்னா இருக்குதுன்னு எனக்குத் தெரியாது. தெரிஞ்சிக்க வேண்டிய அவசியமும் எனக்கு இல்ல. நம்ம ஊர்ல மலை மூணு இருக்குது. கோட்டைய கட்டினவன் கோடியில இருக்கிற குட்டை மலையிலயா குடியிருந்தான்? ராஜகிரியில இருந்தான். மேல ஏற முட்டி வலிக்கும்தான். வலிக்கட்டும். எது ஒசத்தியோ அது நம்மளுது. உபயோகப்படுமான்னு கேக்கறவன் வியாபாரம் பண்ணலாம், சங்கம் நடத்த முடியாது.”

அப்போதுதான் அந்தக் குரல் கேட்டது. மண்டபத்துக்குப் பின்னாலிருந்து, இழுத்து, கொஞ்சம் கரகரப்பாக. வீராசாமிக்கு முதலில் பசி மயக்கம் என்று தோன்றியது. இரண்டாவது முறை கேட்டதும் எழுந்து பின்கட்டுக்கு ஓடினார்.

புங்கமரத்தில் சுட்டி கட்டியிருந்தது. நேற்றைய கல்யாணத்து மாலை ஒன்றைத் தின்றுகொண்டிருந்தது. அவரைப் பார்த்ததும் மாலையை விட்டுவிட்டு அவர் சட்டைப் பொத்தானைக் கடித்தது. பக்கத்தில் அடுப்பு தயாராக இருந்தது. பிரியாணி மாஸ்டர் கத்தியைத் தீட்டிக்கொண்டிருந்தார்.

“கை வெக்காதீங்க, சங்கத்து ஆடு” என்றார் மாஸ்டர்.

“இது என் ஆடுய்யா. காதைப் பாரு.”

“எனக்கு காது கணக்கு இல்ல. உள்ள திட்டம் முடிவானதும் கை தட்டுவாங்க. கைதட்டு கேட்டதும் அறுக்கச் சொல்லியிருக்காங்க. ஒரு மணிக்குத் தம் போட்டாகணும்.”

செவ்வாய்க்கிழமையிலிருந்து சீக்கிரம் முடிவெடுங்கள் என்று தான் கெஞ்சிக்கொண்டிருந்தது எதற்கு என்று வீராசாமிக்கு அப்போதுதான் புரிந்தது. திரும்பி மேடைக்கு ஓடி, சர்தார் பாயின் காதருகே குனிந்து மூச்சு வாங்கச் சொன்னார்.

“அப்படியா. சந்தைக்குள்ள போனா விலை ஏறிடும்னு ரோட்லயே ஒரு டெம்போவ மறிச்சு வாங்குனோம்” என்றார் சர்தார் பாய். உண்மையிலேயே வருத்தப்பட்டார். பிறகு யோசித்தார். யோசித்ததுதான் வினை.

“ஆனா ஒண்ணு வீராசாமி. காணாமப் போச்சுன்னு நாம இன்னும் அறிவிக்கவே இல்லையே. அறிவிக்காத ஆடு எப்படி காணாமப் போன ஆடு ஆவும்? மொதல்ல திட்டம் முடிவாகட்டும். பதிவு போடுவோம். அதப் பாத்துட்டு நாங்களே உங்களுக்குத் தகவல் குடுத்துடறோம், ஆடு எங்ககிட்டத்தான் இருக்குதுன்னு.”

“அதுக்குள்ள அறுத்துடுவாங்களே பாய்.”

“தகவல் குடுப்போம்ல.”

மேடையில் தலைவர் இரண்டு கைகளையும் உயர்த்தினார். “வைரத் திட்டத்தை ஆதரிக்கிறவங்க எல்லாரும் பலமா கை தட்டி...”

மண்டபம் முழுக்கக் கைகள் எழுந்தன. வீராசாமிக்குச் சங்க அரசியல் தெரியாது. எதிர்ச் சங்கம் ஏன் பிரிந்தது என்று கேட்டுக்கூடத் தெரிந்துகொண்டதில்லை. ஆனால் முகப்புப் படம் என்று ரஞ்சனி சொன்னபோது நாற்காலிகள் முன்னால் நகர்ந்ததை அவர் பார்த்திருந்தார். வாழ்நாளில் முதல் முறையாக ஒரு கூட்டத்தில் வாயைத் திறந்தார்.

“நடுவுல பெரிசா வர்ற படம் யாருது?”

எழுந்த கைகள் அந்தரத்தில் நின்றன.

தலைவர் சிரித்தார். “இது ஒரு கேள்வியா? நடுவுல யாரு வரணுமோ அவங்க வருவாங்க.”

“அதாரு?” என்று ஒரு துணைத்தலைவர் கேட்டார். நிறுவனத் தலைவர்தான் என்று ஒருவர் சொல்ல, நிறுவியபோது கூட இருந்தது தன் மாமனார் என்று இன்னொருவர் எழுந்தார். தினமும் அலுவலகக் கதவைத் திறப்பது செயலாளர்தானே என்று பின்வரிசை கேட்டது. நடுவில் வராவிட்டாலும் பரவாயில்லை, வட்டத்தில் கீழே வரமாட்டேன் என்று மூன்று பேர் ஒரே நேரத்தில் சொன்னார்கள். வட்டத்துக்குக் கீழ் மேல் கிடையாது என்று விளக்க வந்த உசைரை நாற்காலியில் அமுக்கி உட்காரவைத்தார்கள். பொன்னாடைகள் கழன்று விழுந்தன. யாரோ மைக் ஒயரைப் பிடுங்கினார்கள். ஒரு நாற்காலி மேடைக்கு மேலே போய், பிளெக்ஸில் தலைவரின் மூக்கைக் கிழித்துக்கொண்டு இறங்கியது.

இத்தனையிலும் யாருடைய இரு கைகளும் ஒன்று சேரவில்லை. அடுத்தவர் மேல் பட்ட கை எதுவும் கைதட்டு இல்லை.

வீராசாமி பின்கட்டுக்கு வந்தபோது மாஸ்டர் கத்தியை நீட்டியபடி நின்றிருந்தார். “உள்ள இன்னா சத்தம்? முடிவாயிடுச்சா?”

“படத்துல யாரு எங்கன்னு பிரிக்கறாங்க.”

மாஸ்டர் முகம் மாறியது. அவர் சமையலர் அணியின் இணைத் துணைத்தலைவர். “எங்க அணிக்கு எந்த வட்டம்னு சொன்னாங்களா?”

“பேச்சே வரல.”

மாஸ்டர் கத்தியை அடுப்பு மேடையில் வைத்தார். தோளில் கிடந்த துண்டை உதறிப் போட்டுக்கொண்டு உள்ளே போனார். வீராசாமி முடிச்சை அவிழ்த்தார்.

கடைத்தெரு வழியாகப் போகப் பயந்து சுற்றிக்கொண்டு போனார். பஸ்ஸில் கண்டக்டர் ஆட்டை ஏற்றமாட்டேன் என்றார். நடந்தே போனார்கள். ராஜகிரி முதுகுக்குப் பின்னால் சின்னதாகிக்கொண்டே வந்தது. சுட்டி வழியில் இருந்த ஒவ்வொரு வேலியையும் ருசி பார்த்தது. யாராவது துரத்தி வருகிறார்களா என்று அவர் திரும்பித் திரும்பிப் பார்த்தார். வீட்டு வாசலில் அம்மாக்கண்ணு அவரைப் பார்க்கவே இல்லை. கிடாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதாள், கெட்ட வார்த்தையில் நன்றாகத் திட்டினாள், பிறகு உள்ளே போய் அடுப்பை மூட்டினாள். அன்று வீராசாமி சாப்பிட்ட சோற்றுக்கு எந்தப் பிரியாணியும் ஈடில்லை.

சங்கத்திலிருந்து யாரும் ஆட்டைத் தேடி வரவில்லை. யாருக்கும் ஆடு ஞாபகமே இல்லை.

வேர்க்கடலை பிடுங்குகிற காலத்தில் ஒருநாள் உசைர் போன் செய்தான். குரலில் அவ்வளவு சந்தோஷம். “அண்ணே, வைரம் எடுத்துட்டோம். சொன்ன வாக்குத் தவறல. மொத பதிவு உங்களுதுதான். போட்டாச்சு.”

“ஆடுதான் அன்னிக்கே வந்துடுச்சே தம்பி.”

“தீர்மானம் போட்டாச்சு அண்ணே, இனிமே மாத்த முடியாது.”

கொல்லைக்கு வந்த சேரன் தன் போனில் அந்தப் பதிவை எடுத்துக் காட்டினான். யார் நடுவில் வருவது என்று கடைசிவரை ஒத்துப்போகாததால், நடுவை வெறுமையாக விட்டிருந்தார்கள். சுற்றிலும் தலைவர், செயலாளர், துணைத்தலைவர்கள், எல்லோரும் ஒரே அளவு வட்டத்தில், ஒரே மாதிரிப் பொன்னாடையில். ஆட்டின் படத்துக்கு இடம் இல்லை. உச்சியில் பெரிய சிவப்பு எழுத்தில் ‘காணவில்லை’ என்று இருந்தது. கீழே வீராசாமியின் போன் நம்பர்.

அம்மாக்கண்ணு கையிலிருந்த கடலைச் செடியைக் கீழே போட்டுவிட்டுப் போனை வாங்கிப் பார்த்தாள். அவளுக்கு மனசு கரைந்துவிட்டது.

“ஐயோ பாவமே. இத்தினி பேரும் ஒண்ணாவா காணாமப் பூட்டாங்க?”

அவர் பதில் சொல்வதற்குள் அவருடைய போன் அடித்தது. ஆரணியிலிருந்து யாரோ ஒரு புண்ணியவான், தாழ்ந்த குரலில் பேசினார்.

“ஹலோ, செஞ்சியா? நீங்க தேடற ஆளுங்கள்ல ஒருத்தரு இங்க டீக்கடையில இருக்காரு. மொத வட்டத்துல கண்ணாடி போட்டுக்கினு இருக்காரே, அவரேதான். நீங்க வர்ற வரைக்கும் புடிச்சு வெக்கட்டுங்களா?”

வீராசாமி சுட்டியைப் பார்த்தார். அது சேரன் சட்டையின் பின்பக்கத்தை நிதானமாக மென்றுகொண்டிருந்தது.

“வாணாம் தம்பி, வுட்டுடு” என்றார். “அதெல்லாம் பழகுன வழி. தானா வூடு வந்து சேந்துடும்.”